உங்களுக்குத் தெரியுமா? பெட்டியின் ரயர் ஏன் ஒருபக்கம் தேய்கிறது

ஜெயபுரம் போன்ற வன்னி வயற்கிராமங்களில் நெல்மூட்டை ஏற்றும் உழவு இயந்திரப் பெட்டியின் இரு ரயர்களும் உள்விளிம்பில் மட்டும் தேயுமாயின், மிகைப்பாரத்தால் அச்சு, அதாவது இரு சில்லுகளையும் தாங்கும் இரும்புத் தண்டு, நடுவில் தாழ்ந்து, சில்லுகளின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்துவிட்டது என்பதே பெரும்பாலும் காரணமாகும். மேலைநாட்டுச் சுற்றுலா இழுவை வண்டிகள் பலவற்றில் இச்சாய்வை ஈடுசெய்யவே அச்சை நடுவில் சற்று மேல்நோக்கி வளைத்துச் செய்கின்றனர். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று மிகை. ஒரு ரயர் மட்டும் தேயுமிடத்து, சில்லை ஜாக்கில் உயர்த்தி அசைத்து, பெயரிங் ஆடுகிறதா எனப் பார்த்தல் வேண்டும். பெட்டி ஒருக்களித்து இழுபட்டாலோ, கொழுவும் துளையிலிருந்து அச்சின் இரு நுனிகளுக்கும் கயிறு பிடித்து அளக்க, நீள வேறுபாடு கோணலைக் காட்டிவிடும். காரணத்தைக் கண்டு திருத்துமுன் புது ரயர் வாங்குவது வீண்செலவே.