உங்களுக்குத் தெரியுமா? துணைக்குப் போனவருக்குச் சிறை!

1989 ஏப்ரலில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஓட்டப்பயிற்சிக்குப் போன பெண் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டு, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். போலீஸ் தேடியவர்களின் பட்டியலில் 16 வயது கோரி வைஸ் இல்லவே இல்லை. விசாரணைக்கு அழைக்கப்பட்ட நண்பர் யூசெஃப் சலாமுக்குத் துணையாகத்தான் காவல் நிலையம் போனார். 2002-இல்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார்!

கோரி, யூசெஃப் உட்பட இந்த வழக்கில் கைதான ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர், ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி. மணிக்கணக்காக மிரட்டி விசாரித்து வாங்கிய வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. டிஎன்ஏ ஒருவருடனும் பொருந்தவில்லை. ஆனாலும் தண்டித்தார்கள். பிள்ளைகளின் நிறத்தைப் பார்த்தவர்கள் ஆதாரத்தைப் பார்க்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறென்ன விளக்கம் இருக்க முடியும்? 2002-இல் உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டான், டிஎன்ஏவும் பொருந்தியது. தீர்ப்புகள் ரத்தாயின. 2014-இல் நகர நிர்வாகம் 4.1 கோடி டாலர் தர இசைந்தது.

இத்தனையும் ஊரறிந்த செய்திதான். ஆனால் 2019-இல் ஏவா டுவெர்னே இயக்கிய ‘வென் தே சீ அஸ்’ நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்த பிறகே, அன்று இந்த வழக்கைக் கையாண்ட பாலியல் குற்றவழக்குப் பிரிவின் தலைவராக இருந்து பின்னாளில் துப்பறியும் நாவலாசிரியரான லிண்டா ஃபேர்ஸ்டீனை அவருடைய பதிப்பகம் கைவிட்டது. அந்தத் தொடரில் மற்ற நால்வருக்கும் சிறுவயது, பெரியவயது என இரண்டிரண்டு நடிகர்கள். கோரியாக மட்டும் ஜாரெல் ஜெரோம் ஒருவரே நடித்து எம்மி விருது வென்றார். யூசெஃப் சலாம் 2023-இல் ஹார்லெமிலிருந்து நியூயார்க் நகர மன்றத்துக்குத் தேர்வானார்.