வெப்பம் எங்கே போகிறது?

மும்பையின் மே மாதம் வெப்பமானியில் அத்துணைக் கடுமையாகத் தோன்றுவதில்லை. பகற்பொழுதின் உச்ச வெப்பம் பெரும்பாலும் 33 அல்லது 34 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்கும். அதே நாளில் திருநெல்வேலியில் 38 டிகிரி இருக்கக்கூடும். ஆயினும், விடுமுறைக்கு ஊருக்குச் சென்று திரும்பும் பிள்ளைகள், ஊர் வெயிலைக் காட்டிலும் மும்பையின் புழுக்கமே தாங்க முடியாதது என்பர். அவர்கள் கூறுவது பிழையன்று. மனித உடல் வியர்வையை ஆவியாக்கித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. கடலோர நகரமாகிய மும்பையின் காற்றிலோ நீராவி மிகுதி. அதனால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடலின் வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது.

தாராவியின் கும்பர்வாடாவில் குயவர்கள் செய்யும் மண்பானைக்கும் இதே நிலைதான். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதனால் பானைநீர் குளிர்கிறது. வறண்ட காற்று வீசும் மதுரையில் அப்பானை நன்கு வேலை செய்யும். ஈரக்காற்று சூழ்ந்த மும்பையில் அதே பானை சற்றுச் சோம்பலாகவே குளிர்விக்கும். பானையின் மேல் குற்றமில்லை. காற்றின் மேல்தான் குற்றம்.

வீடுகளில் பொருத்தப்படும் குளிரூட்டி, அதாவது ஏசி, இந்த மண்பானையின் உறவினர் எனலாம். அதற்குள்ளும் ஒரு திரவம் ஆவியாகிறது. ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால், அத்திரவம் நீரன்று. இந்நாளில் பல குளிரூட்டிகளில் ஆர்-32 என்னும் வேதிப்பொருள் பயன்படுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது ஏறத்தாழ மைனஸ் 52 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். மெக்கானிக்குகள் சுருக்கமாகக் 'கேஸ்' என்று கூறுவது இதனையே. மண்பானை தன் நீரைக் காற்றில் இழந்துவிடுகிறது; நாள்தோறும் மீண்டும் நிரப்ப வேண்டும். குளிரூட்டியோ தன் வாயுவை இழப்பதில்லை. ஆவியான வாயுவைக் கம்ப்ரசர் என்னும் கருவி அழுத்திச் சூடேற்றி, வீட்டிற்கு வெளியே உள்ள பெட்டிக்கு அனுப்புகிறது. அங்கே மின்விசிறி அதன் வெப்பத்தை வெளிக்காற்றில் கலக்கச் செய்கிறது. வெப்பத்தை இழந்த வாயு மீண்டும் திரவமாகி அறைக்குத் திரும்புகிறது.

அறைக்குள் ஒன்று, வெளியே ஒன்று என இரு பெட்டிகளாகப் பிரிந்திருப்பதனால்தான் அதற்கு 'ஸ்பிளிட் ஏசி' என்று பெயர். இரண்டையும் இணைப்பவை இரு செம்புக் குழாய்களும் சில மின்கம்பிகளுமே. இக்கருவி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே வைக்கிறது, அவ்வளவே. குளிர்நாடுகளில் இதே கருவியைத் திருப்பி இயக்கி, வெளியே உள்ள வெப்பத்தை வீட்டிற்குள் கொண்டுவருவதும் உண்டு. தில்லியின் குளிர்காலத்திற்கு அது பயன்படும், மும்பைக்குத் தேவையில்லை.

கடைக்குச் செல்வோர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை டன்?" என்பதாகும். அது பெட்டியின் எடையைக் குறிப்பதன்று. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து பனிக்கட்டிகள் மரத்தூளில் பொதியப்பட்டுக் கப்பலில் இந்தியாவிற்கு வந்தன. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம் அப்பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ்தான். பம்பாயிலும் அத்தகைய கிடங்கு இருந்தது. குளிர்ச்சியைப் பனிக்கட்டியின் எடையால் அளந்த காலத்தின் சொல்லே 'டன்'. ஏறத்தாழ 907 கிலோகிராம் எடையுள்ள பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுவதும் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதே வேகத்தில் வெப்பத்தை அகற்றும் கருவி ஒரு டன் கருவியாகும். இன்றைய அளவில் அது சுமார் 3,500 வாட்.

பெரிய கருவி வாங்கினால் நன்றாகக் குளிரும் என்று எண்ணுவோர் பலர். மும்பையில் அவ்வெண்ணம் ஏமாற்றும். சிறிய அறையில் அளவுக்கு மீறிய கருவியைப் பொருத்தினால், அது விரைவில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. அறை குளிர்ந்திருக்கும், ஆனால் உடல் பிசுபிசுக்கும். பொதுவாக 100 அல்லது 120 சதுர அடி அறைக்கு ஒரு டன் போதுமானது. மேற்குச் சுவரில் வெயில் படும் அறைக்கும், மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறைக்கும் கூடுதலாகத் தேவைப்படலாம்.

கருவியை வாங்குவது எளிது, பொருத்துவதே கலை. செம்பூரின் பழைய குடியிருப்பு ஒன்றில் இரண்டாம் மாடியில் அவ்வேலை நடப்பதாகக் கொள்வோர், முதலில் வரவேண்டியவர் மின்பணியாளர் என்பதை அறிதல் வேண்டும். குளிரூட்டிக்குத் தனி மின்கம்பி, 16 ஆம்பியர் இணைப்பு, மிகை மின்னோட்டத்தில் தானே அணையும் சுவிட்சு, சரியான நில இணைப்பு ஆகியவை இன்றியமையாதவை. பழைய கட்டடங்களில் விளக்கும் விசிறியும் மட்டுமே எரியும் என்று கருதிப் போடப்பட்ட மெல்லிய கம்பிகளே இன்றும் உள்ளன. அவற்றில் குளிரூட்டியை இணைத்தால் கம்பி சூடேறி உருகும், தீப்பற்றவும் கூடும்.

அடுத்து உள்பெட்டி. தரையிலிருந்து ஏழு, எட்டு அடி உயரத்தில், கூரைக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து அதன் தகட்டைச் சுவரில் பதிக்கின்றனர். பெட்டி மேற்புறமாகக் காற்றை இழுப்பதால் அவ்விடைவெளி வேண்டும். பின்னர்ச் சுவரில் துளையிடுகின்றனர். அத்துளை வெளிப்புறமாகச் சற்றே சரிந்திருத்தல் வேண்டும். இச்சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிது. ஆனால் அது மாறி உட்புறமாகச் சரிந்தால், மழைக்காலத்தில் நீர் சுவர் வழியே வீட்டிற்குள் இறங்கும்.

செம்புக் குழாயின் முனையைப் புனலின் வாய்போல் விரித்துப் பெட்டியுடன் திருகி இணைப்பர். மயிரிழை அளவு பிளவு இருந்தாலும் சில மாதங்களில் வாயு முழுவதும் கசிந்துவிடும். "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று ஆண்டுதோறும் நிரப்பும் வீடுகள் பல உண்டு. உண்மையில் வாயு விளக்கின் எண்ணெயைப்போல் எரிந்து தீர்வதன்று. எங்கோ கசிகிறது என்பதே பொருள். இணைப்பின்மேல் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தால், குமிழி எழும் இடத்தில் கசிவு உண்டு எனத் தெரிந்துவிடும். ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஆகவே கசிவைத் தேடும்போது அருகில் தீக்குச்சியும் பீடியும் கூடா.

இதன் பின் வரும் வேலையே பலரால் தவிர்க்கப்படுவது. குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பு கொண்டு உறிஞ்சி எடுத்தல் வேண்டும். அதற்கு 15 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே நாளில் பல வீடுகளை முடிக்க விரைபவர், வாயுவைச் சிறிது திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிட்டோம் என்று கூறி அவ்வேலையை முடித்துவிடுவதும் உண்டு. உள்ளே தங்கிய ஈரம், குழாய் குறுகும் இடத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளும். எண்ணெயுடன் கலந்து அமிலமாகிக் கம்ப்ரசரை அரிக்கும். குற்றம் அன்றே தெரிவதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்துக் கருவி பழுதாகும்போது, அந்த அரைமணி நேரத்தை எவரும் நினைப்பதில்லை.

ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் படும்போது நீராகிறது. குளிர்நீர்க் குவளையின் வெளிப்புறத்தில் துளிகள் அரும்புவதைப் போன்றதே அது. மும்பையின் ஒரு நாளில் அவ்வாறு சேரும் நீர் பல லிட்டர் இருக்கும். அதனை வெளியேற்றும் வடிகுழாய் எங்கும் மேடேறாமல் கீழ்நோக்கியே செல்ல வேண்டும். முடிவில் அது தொட்டியிலோ மழைநீர்க் குழாயிலோ சேர வேண்டும். கீழ்வீட்டின் துணிக்கொடியில் அன்று. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குளிரூட்டியால் எழும் சண்டைகளுள் பல இச்சொட்டு நீரால் எழுபவை.

வெளிப்பெட்டி எடை மிகுந்தது. அது இரும்புத் தாங்கியின்மேல் சுவரில் நிற்கும். அல்லது சன்னலுக்கு மேலுள்ள சஜ்ஜாவில் அமரும். கடலின் உப்புக் காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும் நகரம் இது. தாங்கியின் திருகாணிகளை ஆண்டிற்கு ஒருமுறையேனும் பார்க்காவிட்டால், கீழே நடப்போரின் தலைக்கு மேல் ஆபத்து தொங்கும். அதனைப் பொருத்துபவரின் உயிரும் அங்கேயே தொங்குகிறது. மழையில் ஊறிய பழைய சஜ்ஜாவின்மேல், இடுப்பில் கயிறின்றி, ஒரு கையால் சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு மறு கையால் திருகும் இளைஞரை மும்பையில் எங்கும் காணலாம். பாதுகாப்புப் பட்டை அணியாமல் வெளியே இறங்க வேண்டாம் என்று அவரைத் தடுக்கும் உரிமை வீட்டாருக்கு உண்டு. அது அவர்களின் கடமையும் ஆகும்.

இனி, வெளியே வைக்கப்பட்ட வெப்பம் எங்கே செல்கிறது என்பது எஞ்சி நிற்கும் வினா.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என அக்காலத்தவர் கருதினர். 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைக்கப்பட்டது. தாதர், மாட்டுங்கா பகுதிகள் அதன் திட்டத்தில் உருவானவை. கட்டடத்திற்கும் கட்டடத்திற்கும் இடையே வெளி விட்டு, அகன்ற சாலைகளும் ஐந்து தோட்டங்களும் அமைத்தனர். எனவே, மாட்டுங்காவில் ஒரு வெளிப்பெட்டி விடும் வெப்பத்தை மரங்களுக்கிடையே வீசும் காற்று கலைத்துவிடுகிறது.

தாராவியில் அவ்வாறு நிகழ்வதில்லை. சில சந்துகள் மூன்றடி அகலமே உடையவை. இருபுறமும் மாடி எழும்பியிருக்கும். ஒரு டன் கருவி முழுவேகத்தில் ஓடும்போது, அறையிலிருந்து எடுத்த 3,500 வாட் வெப்பத்துடன், தான் உண்ட மின்சாரத்தின் ஏறத்தாழ 1,000 வாட் வெப்பத்தையும் சேர்த்து வெளியே விடும். இஸ்திரிப் பெட்டி ஒன்று 1,000 வாட் எனில், நான்கிற்கும் மேற்பட்ட இஸ்திரிப் பெட்டிகளைச் சந்தில் எரியவிட்டதற்கு அது ஒப்பாகும். எதிர்வீட்டுச் சன்னல் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அச்சன்னலுக்குப் பின்னே குளிரூட்டி வாங்க இயலாத குடும்பம் உறங்குகிறது. ஒருவர் அறையின் வெப்பம் மற்றவர் அறைக்குக் குடிபெயர்கிறது.

அத்துடன் முடிவதில்லை. சந்தில் தேங்கிய சூடான காற்றையே வெளிப்பெட்டி மீண்டும் இழுக்கிறது. சூடான காற்றில் வெப்பத்தைக் கழிப்பது கடினமாதலால் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கிறது, மின்கட்டணம் ஏறுகிறது, அறையோ போதிய அளவு குளிர்வதில்லை.

இதற்கு வழி இல்லாமலில்லை. வெளிப்பெட்டியைச் சந்தில் தொங்கவிடாமல், கூரையின் மட்டத்திற்கு மேலே, திறந்த வெளியை நோக்கி வைத்தால் வெப்பம் மேலெழுந்து கலைந்துவிடும். அதற்கு நீண்ட செம்புக் குழாய் வேண்டும். கருவியுடன் வரும் குழாய் பெரும்பாலும் மூன்று மீட்டர்தான். அதற்கு மேல் ஒவ்வோர் அடிக்கும் தனி விலை. சந்துகளில் பெட்டிகள் தொங்குவதற்குச் செம்பின் விலையும் ஒரு காரணம். வெயிலில் காயும் சிமெண்டுத் தகட்டுக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, உட்புறம் தெர்மாகோல் அல்லது பலகையால் அடிக்கூரை அமைத்தால், அறைக்குள் புகும் வெப்பமே குறையும். பிறகு சிறிய கருவியே போதுமானதாகும். சந்திற்குச் செல்லும் வெப்பமும் குறையும்.

வெப்பநிலையை எங்கே நிறுத்துவது என்பதும் இதனோடு தொடர்புடையது. 2020 சனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிரூட்டிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என இந்திய அரசு விதித்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் மின்சாரம் ஏறத்தாழ 6 விழுக்காடு மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 26 டிகிரியில் வைத்து, மேலே மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டால், மும்பையின் புழுக்கத்திற்கு அதுவே போதும். ஈரம் நீங்கிய காற்றில் வியர்வை உலர்ந்துவிடும். கும்பர்வாடாவின் பானை மதுரையில் செய்யும் வேலையை உடல் தானே செய்துகொள்ளும்.