வேகம் கூடுவதே முதல் எச்சரிக்கை: தரையிறங்கும் விமானமும் விண்ட் ஷியரும்

அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் விமான நிறுவனங்களின் குளிர்கால அட்டவணை நடைமுறைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அந்த வாரங்களில்தான் வலுக்கும். டிக்கெட் எடுத்துவிட்ட வாசகர்களின் கடிதங்களில் இப்போது அச்சத்தைவிடக் குழப்பமே அதிகம். 2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயலின்போது, சென்னை ஓடுபாதைக்குச் சற்று மேலே தள்ளாடிவிட்டு மீண்டும் மேலேறிய விமானத்தின் வீடியோவைப் பலர் குறிப்பிடுகிறார்கள். அதே ஆண்டு மே 21 அன்று மியான்மருக்கு மேலே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் குலுங்கியதில் ஒரு பயணி இறந்தார். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கிறார்கள்.

ஒன்றல்ல. மே மாதச் சம்பவம் 37,000 அடி உயரத்தில் நடந்தது. அங்கே ஆபத்து பெல்ட் போடாதவருக்குத்தான். விமானம் நிலைகொள்ள உயரம் மிச்சமிருக்கிறது. சென்னையில் சொல்லப்பட்ட காரணம் மழையும் பலத்த பக்கக்காற்றும். விமானிகள் மிக அஞ்சும் விண்ட் ஷியர் மூன்றாவது வகை. ‘மோசமான வானிலை’ என்று அறிக்கை விட்டு மூன்றையும் ஒரே போர்வையால் மூடுவதால்தான் இத்தனை குழப்பம்.

காற்றின் வேகமோ திசையோ குறுகிய தொலைவுக்குள் சட்டென்று மாறுவதே விண்ட் ஷியர் என்கின்றன கையேடுகள். வரையறையில் பிழையில்லை. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. காற்று எந்த வரிசையில் மாறுகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

அந்த வரிசையைப் புரிந்துகொள்ள இடிமேகத்திலிருந்து தொடங்க வேண்டும். அதிலிருந்து விழும் மழையின் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து, கனத்து, கீழே பாயும். வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினால் நாலாபுறமும் ஓடுவதுபோல அந்தக் காற்றும் தரையில் மோதி எல்லாத் திசைகளிலும் பரவும். நான்கு கிலோமீட்டர் அகலத்துக்குள் இப்படி நடந்தால் அது மைக்ரோபர்ஸ்ட். 1975 ஜூன் 24 அன்று நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் போயிங் 727 விழுந்து நொறுங்கியதை ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெட்சுயா ஃபுஜிடா, இந்தக் கருத்தை முன்வைத்தார். வானிலையாளர்களில் பலர் அதை உடனே ஏற்கவில்லை. ரேடார்களைக் கொண்டு நடத்திய கள ஆய்வுகளுக்குப் பிறகே ஒப்புக்கொண்டார்கள்.

தரையிறங்கும் விமானம் மைக்ரோபர்ஸ்டுக்குள் நுழையும்போது முதலில் சந்திப்பது எதிர்க்காற்றை. இறக்கைமேல் காற்று வேகமாகப் பாய, வேகமானியின் முள் ஏறுகிறது. விமானம் தானாக மிதக்கிறது. விமானியின் கை இயல்பாகவே எஞ்சின் விசையைக் குறைக்கப் போகும். அடுத்த சில நொடிகளில் நடுப்பகுதி வந்துவிடும். காற்று விமானத்தைக் கீழே அழுத்தும். அதைத் தாண்டினால் பின்காற்று. சற்றுமுன் கூடிய வேகம் மொத்தமும் பறிபோய், அதற்கு மேலும் இழப்பு. குறைத்த எஞ்சின் மீண்டும் முழு விசைக்கு வரச் சில நொடிகள் பிடிக்கும். அந்த நொடிகள் நூறு, இருநூறு அடி உயரத்தில் கிடைப்பதில்லை. ஆபத்து முதலில் ஆதாயமாக வருகிறது என்பதே இதில் மனத்தை உறுத்தும் அம்சம்.

1985 ஆகஸ்ட் 2 அன்று டாலஸ் ஃபோர்ட் வொர்த்தில் டெல்டா 191 விமானத்துக்கு நேர்ந்தது இதுதான். சுமார் 149 நாட் வேகத்தில் இறங்கவேண்டிய லாக்ஹீட் டிரைஸ்டார், 173 நாட்டுக்கு ஏறியது. தலைமை விமானிக்கு அதன் பொருள் புரிந்தது. வேகத்தைக் கவனி, திடீரென்று பறிபோகும் என்று துணை விமானியை அவர் எச்சரித்தது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. சொல்லி முடிப்பதற்குள் முள் சரிந்தது. ஓடுபாதைக்கு முன்பே விமானம் தரையில் மோதியதில் 137 பேர் இறந்தார்கள். ஒருவர் நெடுஞ்சாலையில் காரில் போய்க்கொண்டிருந்தவர். விமான நிலையத்தில் காற்று எச்சரிக்கைக் கருவிகள் இருந்தன. அவை ஒலித்தது விபத்துக்குப் பிறகு.

அதன் பின் அமைந்த பயிற்சியின் மையத்தில் ஒரு விதி இருக்கிறது. ஆயிரம் அடிக்குக் கீழே விமானியின் கட்டுப்பாடின்றி வேகம் 15 நாட் மாறினால், தரையிறங்கும் முயற்சியைக் கைவிட வேண்டும். குறைந்தாலும் சரி, கூடினாலும் சரி. ஆதாயத்தையும் ஆபத்தின் கணக்கில் எழுதியதுதான் இந்த விதியின் கெட்டிக்காரத்தனம்.

சிக்கிவிட்டால் தப்பும் முறையும் பழக்கத்துக்கு எதிரானதே. வேகம் குறைந்தால் மூக்கைத் தாழ்த்து என்பது விமானி ஆரம்பத்திலேயே கற்ற பாடம். இங்கே முழு விசை கொடுத்து, மூக்கைத் தூக்க வேண்டும்: போயிங் 737இல் 15 பாகைக்கு, ஏர்பஸ் ஏ320இல் 17.5 பாகைக்கு. போயிங்கில் கைப்பிடி அதிர்ந்து எச்சரிக்கும் எல்லையைத் தாண்டாமல் அங்கேயே நிறுத்தி, வேகத்தை விட்டுக்கொடுத்து உயரத்தைக் காக்க வேண்டும். தரையிறங்காமல் மீண்டும் மேலேறும் வழக்கமான கோ-அரவுண்டில் விமானம் ஏறத் தொடங்கியதும் சக்கரத்தை மடக்குவார்கள். இதில் தொடக்கூடாது, சக்கர அறைக் கதவுகள் திறந்தால் காற்றுத்தடை இன்னும் கூடும்.

இப்போது எல்லா விமானத்திலும் கருவி இருக்கிறதே என்ற சமாதானத்தை நான் முழுதாக ஏற்கமாட்டேன். மூக்கிலுள்ள டாப்ளர் ரேடார் மழைத்துளிகளின் நகர்வை அளந்து, உள்ளே நுழையும் முன்பே எச்சரிக்கும். உண்மையிலேயே பெரிய பாதுகாப்பு. ஆனால் துளிகள் குறைந்த வறண்ட மைக்ரோபர்ஸ்ட் அதற்குச் சரியாகத் தெரியாது. இன்னொரு வகைக் கருவி காற்றுக்குள் நுழைந்த பிறகுதான் கூவும். 1994 ஜூலை 2 அன்று சார்லட் நகரில் 37 பேர் இறந்த யுஎஸ் ஏர் விபத்தில் அந்தக் கருவி விமானத்தில் இருந்தது. இறக்கை ஃபிளாப்கள் நகரும்போது அதன் உணர்திறன் மந்தமாகும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்ததால் உரிய நேரத்தில் ஒலிக்கவில்லை. கருவி இருக்கிறது என்பதும் கருவி காப்பாற்றும் என்பதும் வேறு வேறு.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கோ-அரவுண்ட் செய்தால் விமானி தவறிவிட்டார் என்று பொருளா? இல்லை, விதிப்படி நடந்தார் என்று பொருள்.

வானில் சுற்ற வைப்பது ஏன்? பெரும்பாலான மைக்ரோபர்ஸ்ட் கால்மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும்.

எரிபொருள் தீர்ந்துவிடாதா? மாற்று விமான நிலையம் வரைக்கும், அதற்கு மேல் அரை மணி நேரத்துக்கும் சேர்த்தே நிரப்புகிறார்கள்.

புறப்படும்போதும் வருமா? வரும்; அப்போது தரையில் காத்திருப்பதே சிறந்த வழி.

குலுக்கல் பலமாக இருந்தால்தான் ஆபத்தா? இல்லை, வேகம் கூடும் முதல் நொடிகளில் பயணிக்கு எதுவுமே தெரியாமலிருக்கலாம்.

அடுத்த சம்பவத்தில் நாம் கேட்கவேண்டியது என்ன? எச்சரிக்கை வந்ததா, எத்தனை அடியில் வந்தது, விமானி உடனே மேலேறினாரா என்ற மூன்றும். ‘மோசமான வானிலை’ என்பது இவற்றில் எதற்கும் பதிலாகாது.