‘வைரல் ஃபீவர்’ என்று மட்டும் எழுதினால் போதுமா?

2020 ஜூலை 22ஆம் தேதி, தமிழ்நாட்டின் கொரோனா இறப்புக் கணக்கில் ஒரே நாளில் 518 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 444 பேர் அதற்கு வெகு முன்பே, மார்ச் 1க்கும் ஜூன் 10க்கும் இடையே சென்னையில் இறந்தவர்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் சுகாதாரத் துறையின் பட்டியலையும் ஒரு குழு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவர்கள் கணக்கில் ஏறினார்கள். ஊரே பயந்து நடுங்கிய நோய்க்கே இந்த நிலை என்றால், எப்போதாவது தலைகாட்டும் வைரஸ்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நோய்களை ஒரே சீராகப் பதிவுசெய்ய உலகச் சுகாதார நிறுவனம் ஐசிடி என்ற பட்டியலை வைத்திருக்கிறது. அதன் பதினோராவது பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், பத்தாவது பதிப்புதான் இங்கே பழக்கத்தில் இருக்கிறது. அதில் சிக்குன்குனியாவுக்கு ஏ92.0. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு ஏ83.0. கியாசனூர் காட்டுக் காய்ச்சலுக்கு ஏ98.2. வைரஸ்தான், ஆனால் எதுவென்று குறிப்பிடப்படவில்லை என்றால் பி34.9. காரணம் தெரியாத வெறும் காய்ச்சலுக்கு ஆர்50.9. அரிதான நோய்கள் காணாமல் போவது இந்தக் கடைசி இரண்டு எண்களுக்குள்தான்.

எப்படி என்று பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மயிலாப்பூரின் எந்த கிளினிக்கிலும் உட்கார இடம் இருக்காது. டாக்டர் ஓ.பி. சீட்டில் ‘வைரல் ஃபீவர்’ என்று எழுதி, பாராசிட்டமால் கொடுத்து அனுப்புகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலான காய்ச்சல்கள் தானாகவே அடங்கிவிடும், எல்லோருக்கும் எலிசா என்ற ரத்தப் பரிசோதனையை எழுதுவதும் நியாயமல்ல. சிக்கல் அட்மிட் ஆனவர்களிடம்தான். ரத்தம் எடுத்தாகிவிட்டது, ரிசல்ட் வருவதற்குள் காய்ச்சல் இறங்கி நோயாளி வீட்டுக்குப் போய்விடுகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பது ‘வைரல் ஃபீவர், மூட்டுவலி’. இரண்டு நாள் கழித்து, சிக்குன்குனியா ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்ற ரிப்போர்ட் நோயாளியின் செல்போனுக்கு வந்து அங்கேயே கிடக்கிறது.

மருத்துவமனையின் ஆவணப் பிரிவில், அதாவது எம்.ஆர்.டி.யில், குறியீடு போடுகிறவர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாலும் தானாக ஏ92.0 என்று போடக் கூடாது. நோய் இன்னது என்று சொல்லும் பொறுப்பு டாக்டருடையது. டாக்டர் எழுதியதற்குத்தான் எண். சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே கேட்டு, தேதியோடும் கையெழுத்தோடும் ஒரு பின்குறிப்பு வாங்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் சிக்குன்குனியா பி34.9 ஆகிவிடுகிறது.

நல்ல பதிவு எப்படி இருக்கும்? ‘சிக்குன்குனியா, ஐ.ஜி.எம். எலிசா பாசிட்டிவ், காய்ச்சல் தொடங்கி 7ஆம் நாள் எடுத்த ரத்தம்.’ எத்தனையாவது நாள் என்பது முக்கியம். ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் முதல் சில நாட்களில் ரத்தத்தில் தென்படாமல் இருக்கலாம். இரண்டாம் நாள் எடுத்த ரத்தத்தில் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. எந்தப் பரிசோதனை என்பதும் முக்கியம். டெங்குவில் ரேப்பிட் கார்டு பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் அரசுக் கணக்கில் அது ‘இருக்கலாம்’ என்ற நிலைதான், எலிசாவில் வந்தால்தான் ‘உறுதி’. எந்தப் பரிசோதனை என்று எழுதாத சம்மரியை வைத்து யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது.

இந்த நுணுக்கமெல்லாம் சென்னைக்குப் புதிதல்ல. தி.நகரில் மெடிக்கல் கோடிங் பயிற்சிப் பலகைகளைப் பார்க்காமல் நடக்க முடியாது. அங்கே படித்த பிள்ளைகள் அமெரிக்க நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளுக்கு இரவு பகலாகக் குறியீடு போடுகிறார்கள். வெளிநோயாளிக்கு ‘சந்தேகம்’ என்று டாக்டர் எழுதியிருந்தால் நோயின் எண்ணைப் போடக் கூடாது, அறிகுறிக்குத்தான் போட வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். உள்நோயாளிக்குச் சந்தேகத்தையும் நோயாகவே பதியலாம், ஆனால் எச்.ஐ.வி., ஜிகா, கொரோனா போன்றவை மட்டும் உறுதியானால்தான் என்பதும் தெரியும். இத்தனை திறமை இருக்கிற ஊரில், நம் மருத்துவமனைகளின் எம்.ஆர்.டி.க்களுக்கு அதில் ஒரு பங்காவது வந்து சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரிய வைரஸ் திரும்பி வரும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1964இல் இங்கே சிக்குன்குனியா பெரிய அளவில் பரவியது. 1973க்குப் பிறகு நாட்டில் அதன் பேச்சே அடங்கிப்போனது. 2005 கடைசியில் மறுபடி கிளம்பி, 2006இல் தமிழ்நாட்டையும் படுக்கையில் தள்ளியது. 2017இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு ஜிகா உறுதியானது. அவருடைய காய்ச்சலும் ‘வைரல் ஃபீவர்’ என்ற வரியோடு முடிந்திருந்தால், அந்த வைரஸ் இங்கே வந்ததே தெரிந்திருக்காது.

இறப்பில் இந்த வரி இன்னும் கனமானது. மருத்துவமனையில் நிகழும் மரணத்துக்கு டாக்டர் நிரப்புவது படிவம் 4. உடனடிக் காரணம், அதற்கு இட்டுச்சென்றது, எல்லாவற்றுக்கும் அடிப்படையான நோய் என்று வரிசையாக எழுத வேண்டும். மூச்சுத் திணறல், அதற்குக் காரணம் நிமோனியா, அதற்குக் காரணம் கொரோனா என்று எழுதினால் கணக்கில் ஏறுவது கொரோனா. ‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதினால் உண்மையான நோய் எதுவும் ஏறாது. இதயம் எல்லோருக்கும்தான் நிற்கிறது. கொரோனா உறுதியானால் யு07.1, பரிசோதனையில் உறுதியாகாமல் அறிகுறிகளை வைத்துக் கணித்தால் யு07.2 என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதல் தந்தது. பிறகு கொரோனா இறப்புக்கான 50,000 ரூபாய் நிவாரணத்துக்காகக் குடும்பங்கள் அலைந்தபோது, காகிதத்தில் இருந்த காரணம்தான் முதலில் கேட்கப்பட்டது.

ஆகவே, டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரியில் நோயின் பெயர் எழுதிய வரியைப் படித்துப் பாருங்கள். பாக்கி ரிப்போர்ட் என்ன, எப்போது வரும் என்று கேளுங்கள். வந்ததும் டாக்டரிடம் காட்டி, சம்மரியில் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டில் யாரேனும் மருத்துவமனையில் இறக்க நேர்ந்தால், இறப்புக் காரணச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 2023 அக்டோபர் 1 முதல் அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா மருத்துவமனைகளும் அந்தச் சான்றைக் கட்டணமின்றி வழங்கி, நெருங்கிய உறவினருக்கு நகல் தர வேண்டும் என்பது சட்டம்.