குளிர் போன வழி

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது முதுமொழி. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எங்களுக்கு உப்பை நினைப்பதற்கு உணவு வேண்டியதில்லை. வீட்டுச் சாளரத்தின் கம்பியைத் தொட்டுப் பார்த்தாலே போதும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் கடலின் நுண்துளிகள் கண்ணுக்குத் தெரியாமல் ஊருக்குள் வந்து, இரும்பிலும் செம்பிலும் அலுமினியத்திலும் படிந்து, ஓசையின்றி அரிக்கின்றன. தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். மலைநாட்டில் மழையைச் சொரிந்துவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்று, அடுப்பின் வாயிலிருந்து வருவது போல் வந்து முகத்தில் மோதும். அரிக்கும் காற்று ஒரு பாதி ஆண்டு, எரிக்கும் காற்று மறு பாதி ஆண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டு முதுமை எய்தியது எனது வான்.

அது 1991 ஆம் ஆண்டில் ஜப்பானில் செய்யப்பட்டது. ஓடிய தூரம் 3,80,000 கிலோமீற்றரைக் கடந்துவிட்டது. ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய யான் அதை மாற்ற எண்ணிய காலமும் ஒன்றுண்டு. ஆயின் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. 2025 பெப்ரவரியில் தனியார் வண்டிகளுக்கான தடை நீங்கிய பின்னரும், புதிய வண்டியின் விலை ஓய்வூதியக்காரனின் கணக்குக்குள் அடங்குவதாக இல்லை. ஆதலால் இருக்கும் வண்டியைப் பேணுவதே வழியாயிற்று.

வண்டியில் குளிர் வேண்டும் என்பது எனக்காக அன்று. என் அக்காவுக்கு எழுபத்தாறு வயது, இதய நோயாளி. தாய் தந்தையர் மறைந்தபின் என்னைப் படிக்க வைத்தவர் அவரே. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அவரைக் கண்டிக்கு வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என ஏறக்குறைய 180 கிலோமீற்றர் தூரம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஹபரணையை அடையுமுன் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தேன், உதடு வெளுத்து, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வீதியோரத்து மரநிழலில் வண்டியை நிறுத்தி, நீர் தெளித்து, அரைமணி நேரம் விசிறிய பின்னரே கண் விழித்தார். “ஒன்றுமில்லைத் தம்பி, வெக்கைதான்” என்றார். எனக்கோ நெஞ்சு நடுங்கிற்று. ஏனெனில் மூன்று வாரங்களுக்கு முன்புதான் பணம் கொடுத்துக் குளிரூட்டிக்கு ‘காஸ்’ ஏற்றியிருந்தேன்.

அவ்வாண்டில் அது மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் “காஸ் முடிஞ்சு போச்சு சேர்” என்றார்கள், நிரப்பினார்கள், சில வாரம் குளிர்ந்தது, பின் மீண்டும் வெப்பக் காற்று. ஆவியாதல் பற்றிப் பக்கத்து வகுப்பில் விஞ்ஞான ஆசிரியர் கற்பிக்க, சுவருக்கு இப்பால் முப்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவன் யான். பெற்றோல் தீர்வது போலக் காஸும் தீரும் போலும் என நம்பியிருந்தேன்.

மூடிய பானை

உட்துறைமுகத்தை அடுத்த ஓர் ஒழுங்கையில், வேம்பின் கீழ், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கராஜ் உண்டு. அதனை நடத்தும் முதியவரை ஊரார் ‘நானா’ என்றே அழைப்பர். இளமையில் மீனுக்குப் பனிக்கட்டி செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை பழகியவர். என் கதையைக் கேட்டுவிட்டு, வண்டியைத் தொடாமலே ஒரு கேள்வி கேட்டார்.

“சேர், உங்கட வீட்டில மண்பானை இருக்கா?”

“இருக்கிறது.”

“அதில தண்ணி ஏன் குளிருது?”

பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்கிறது என்றேன். “அதேதான் இதுவும். ஆனா இது மூடின பானை. உள்ளே இருக்கிறது வெளியே போகாது. குறைஞ்சிருந்தா எங்கயோ ஓட்டை எண்டு அர்த்தம். ஓட்டையை அடைக்காம ஊத்துறது கிணத்தில உப்புப் போடுற மாதிரி” என்றார்.

அவர் சொன்னதைப் பின்னர் ஆறுதலாகச் சிந்தித்துப் பார்த்தேன். வண்டியின் முகப்பறைக்குள் இருக்கும் குழாய்ச்சுருளில் திரவம் கொதித்து ஆவியாகி நம்மைச் சூழ்ந்த வெப்பத்தைக் கவர்கிறது. ‘கொம்பிரசர்’ அந்த ஆவியை அமுக்குகின்றது. வண்டியின் முன்புறத்தில் உள்ள ‘கண்டென்சர்’ வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்து ஆவியை மீண்டும் திரவமாக்குகின்றது. ஒடுங்கிய வால்வு ஒன்றின் வழியே அத்திரவம் மறுபடியும் சுருளுக்குள் விடப்படுகின்றது. வாழ்நாள் முழுவதும் ஒரே பொருள் சுற்றிச் சுற்றி வருகின்றது. அதில் ஒரு துளியும் செலவாவதில்லை. இவ்வளவு எளிய உண்மையை அறியாமல் மூன்று முறை பணம் இழந்தேன். பணம் போனதைவிட, அக்காவின் உதடு வெளுத்ததே மனத்தை அறுத்தது.

அச்சுக்கூடத்திலிருந்து ஆகாயம் வரை

இலக்கிய அன்பர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. காற்றைப் பதப்படுத்தும் பொறி மனிதருக்காகப் பிறந்ததன்று; காகிதத்துக்காகப் பிறந்தது. 1902 ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சுக்கூடத்தில், காற்றின் ஈரத்தால் தாள் நீண்டும் சுருங்கியும் வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமற் போயின. அதனைத் தீர்க்க வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் வகுத்த அமைப்பே இன்றைய குளிரூட்டிகளின் மூதாதை. மோட்டார் வண்டிக்குள் அதனை முதலில் அமைத்து விற்றது அமெரிக்காவின் பக்கார்ட் கம்பனி. அது 1940 ஆம் ஆண்டின் வண்டிகளில்.

அதற்கிடையில், 1928 இல், தோமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடைய துணைவரும் குளோரீனும் புளோரீனும் காபனும் சேர்ந்த புதிய குளிரூட்டு வாயுக்களை உருவாக்கினர். தீப்பற்றாது, நஞ்சில்லை என உலகம் அவற்றைப் போற்றியது. 1974 இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள், அவ்வாயுக்கள் மேல்வளிமண்டலத்துக்கு ஏறி ஓசோன் படையைச் சிதைக்கும் என எடுத்துரைத்தனர். 1987 செப்டெம்பர் 16 இல் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. இலங்கை 1989 டிசெம்பரில் அதில் இணைந்தது. 2010 ஆம் ஆண்டின் தொடக்கத்துடன் வளர்முக நாடுகளும் அவ்வாயுக்களின் உற்பத்தியைக் கைவிட்டன.

என் வான் பிறந்தபோது அதன் குழாய்களில் ஓடியது அந்தப் பழைய வாயுவே. ஆர்-12 என்பது அதன் தொழிற்பெயர். பின்னர் எவரோ அதனை ஆர்-134ஏ என்னும் புதிய வாயுவுக்கு மாற்றியிருந்தனர். இப்புதிய வாயு ஓசோனுக்குத் தீங்கு செய்யாது. ஆயினும் உலகை வெப்பமாக்கும் ஆற்றலில் அது, எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 1,430 மடங்கு. 600 கிராம் ஒழுகிப் போனால், ஏறத்தாழ 850 கிலோகிராம் கரியமில வாயுவை வானில் விட்டதற்கு ஒப்பாகும். மூன்று முறை நிரப்பினேன். மூன்று முறையும் அது போன வழி ஆகாயமே. கச்சான் காற்றைக் குறைகூறும் என் வாய் அன்றுமுதல் சற்று அடங்கிற்று.

கசிவைக் காணுதல்

நானா மறுநாட் காலை வேலையைத் தொடங்கினார். முதலிற் கருவி எதனையும் எடுக்கவில்லை. ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு குழாய் இணைப்புகளைப் பார்த்தார். கசியும் வாயுவைக் கண் காணாது. ஆயின் கொம்பிரசரின் எண்ணெய் அவ்வாயுவோடு கலந்தே சுற்றுவதால், வாயு கசியும் இடத்தில் எண்ணெயும் சிறிது கசியும். அதன்மேல் தூசி ஒட்டிக் கறுக்கும். அத்தகைய கறை இரண்டு இடங்களில் இருந்தது.

பின் உலர்ந்த நைதரசனை, சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் அமுக்கத்தில் உள்ளே செலுத்தினார். சாதாரணக் காற்றைச் செலுத்தலாகாதா என வினவினேன். அதில் ஈரம் உண்டு. ஈரம் உள்ளே போனால் வால்வில் பனியாய் உறைந்து வழியை அடைக்கும். நாளடைவில் அமிலமும் உண்டாகும் என்றார். சவர்க்கார நீரைத் தூரிகையால் தடவினார். கண்டென்சரின் கீழ் மூலையில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. அங்கே அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டதும் சாம்பல் போல் உதிர்ந்தன. அது உப்புக் காற்றின் வேலை.

இரண்டாவது கசிவு கொம்பிரசரின் சுழல்தண்டைச் சூழ்ந்த ‘சீல்’ வழியே. அதற்குக் காரணம் கேட்டபோது, “2022 இல வண்டி எத்தனை மாதம் சும்மா நிண்டது?” என்று திருப்பிக் கேட்டார். எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற ஆண்டு அது. என் வான் நான்கு மாதம் அசையவில்லை. குளிரூட்டி இயங்கும்போது எண்ணெய் சுற்றி வந்து அந்தச் சீலை நனைத்துக்கொண்டிருக்கும், நெடுநாள் நின்றால் சீல் உலர்ந்து இறுகும், இறுகியது கசியும். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் குளிரூட்டியை இயக்கியிருந்தால் இதனைத் தவிர்த்திருக்கலாம்.

மூன்றாவது குறை ஒன்றும் வெளிப்பட்டது. வாயுவை மாற்றியவர்கள் எண்ணெயை மாற்றவில்லை. பழைய வாயுவோடு ஓடிய கனிய எண்ணெய் புதிய வாயுவோடு கலப்பதில்லை. ஆதலால் அது கொம்பிரசருக்குத் திரும்பி வராமல் வழியிலேயே தேங்கிவிடும். கொம்பிரசர் உலர்ந்து உழைத்துத் தேயும். என்னுடையது தேய்ந்து அழியுமுன் கையில் வந்தது நல்லூழ் என்றார்.

வேறோரிடத்தில் அடுப்புக் காஸை ஏற்றித் தரலாம், செலவு குறைவு என்று சொன்னதை அவரிடம் கூறினேன். நானாவின் முகம் மாறிற்று. “குளிரும் சேர், நல்லாவே குளிரும். ஆனா கூலிங் கொயில் உங்கட காலுக்கு முன்னால இருக்கு. அது கசிஞ்சா, கண்ணாடி மூடின வானுக்குள்ள ஒரு பொறி போதும். அக்காவையும் ஏத்திக்கொண்டு போற வண்டி” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

நான்கு நாள் வேலை. புதிய கண்டென்சர் பொருத்தப்பட்டது. புதிய வாயுவின் அமுக்கம் வெயிலில் பழையதைவிட உயர்வதால், முன்னையதிலும் சற்றுப் பெரிதாக ஒன்றைத் தேர்ந்தார். சீலும், இணைப்புகளில் உள்ள றப்பர் வளையங்கள் யாவும், ஈரத்தை உறிஞ்சும் ‘டிறையர்’ குப்பியும் மாற்றப்பட்டன. குழாய்களைக் கழுவிப் பழைய எண்ணெயை வெளியேற்றி, புதிய வாயுவுக்கு ஏற்ற எண்ணெயை அளந்து ஊற்றினார். முகப்பறைச் சுருளில் முப்பது ஆண்டுத் தூசி கம்பளம் போல் படிந்திருந்தது, அதனையும் கழுவினார்.

இறுதியில் வெற்றிடப் பம்பியைப் பொருத்தி முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். அமுக்கம் குறையக் குறைய நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் என்பது பாடநூலில் உள்ளது. குழாயில் ஒளிந்திருந்த ஈரமெல்லாம் அவ்வாறே ஆவியாகி வெளியேறியது. பம்பியை நிறுத்திய பின் அரைமணி நேரம் கடிகார முள்ளைப் பார்த்தபடி இருந்தார். முள் அசையவில்லை. அதன் பின்னரே வாயுவைத் தராசில் வைத்து நிறுத்து ஏற்றினார். பழைய வாயுவுக்கு விதித்த அளவு 800 கிராம். புதியது அதில் ஏறத்தாழ 85 வீதம் போதும். ஆதலால் 680 கிராம். அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. கூடினாலும் குளிர் குறையும் என்பது அவர் கொள்கை.

செலவு இரண்டு மாத ஓய்வூதியத்தை விழுங்கிற்று. மூன்று முறை வீணாய்க் கொடுத்ததைச் சேமித்திருந்தால் அதிற் பாதி கைவசம் இருந்திருக்கும்.

புரட்டாதியில் மீண்டும் கண்டிக்குப் புறப்பட்டோம். கந்தளாய் தாண்டுமுன் அக்கா தம் சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். ஹபரணையில், சென்ற முறை நிறுத்திய அதே மரத்தைக் கடந்தபோது, அவர் நல்ல உறக்கத்தில் இருந்தார். மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எழுப்பவில்லை. திரும்பி வரும் வழியில் மட்டும், கந்தளாய்க் குளத்தருகே, “கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கு தம்பி, குளத்துக் காற்று வரட்டும்” என்றார். இறக்கினேன்.

எட்டு மாதம் ஆகின்றது, குளிர் குறையவில்லை. வாரந்தோறும், மழைக்காலத்திலும், பத்து நிமிடம் இயக்குகின்றேன். எஞ்சின் மூடியின் உட்புறத்தில் நானா ஒட்டிய சிறு தாள் ஒன்று இருக்கின்றது. திகதி, வாயுவின் பெயர், எண்ணெயின் பெயர், 680 கிராம் என்னும் அளவு, மாற்றிய பாகங்கள் ஆகியவற்றைத் தமிழில் கோணல் எழுத்தில் எழுதி வைத்திருக்கின்றார். “நான் இல்லாட்டியும் அடுத்தவன் இதைப் பார்த்து வேலை செய்யட்டும்” என்றார். எனக்கு முன் இவ்வண்டியில் கைவைத்தவர்களுள் ஒருவராவது இப்படி ஒரு தாளை ஒட்டியிருந்தால், ஆடி மாதத்து வெயிலில் அந்த மரத்தடியில் நான் நின்றிருக்க வேண்டியதில்லை.