ஓதம் ஏறும் தரையில் லேமினேட்

மரக்காணத்தில், உப்பளங்களுக்குப் பக்கத்தில் தாத்தா கட்டிய வீட்டில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "செங்கல் தரைமேல் லேமினேட் போட்டோம். கூரை ஒழுகவில்லை, தண்ணீர் ஊற்றிக் கழுவவுமில்லை. ஐப்பசியில் பலகை ஓரமெல்லாம் உப்பிவிட்டது. ஏன்?"

லேமினேட்டின் மேலே தெரிவது தேக்கல்ல. மரவரி அச்சடித்த தாள். அதற்கு மெலமைன் காப்பு. உள்ளே இருப்பது மரநாரைப் பிசினோடு சூட்டில் அழுத்திய அட்டை. ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977இல் உருவாக்கிய சரக்கு இது. அடியிலிருந்து ஈரம் ஏறாத வீட்டில் நன்றாகவே உழைக்கும். ஈரம் புகுந்தால் அழுந்திக் கிடந்த நார் விரிந்துவிடும். மழையில் நனைந்த பாடப்புத்தகம் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாதே, அதுபோல இதுவும் திரும்பாது.

பழைய வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பூச்சு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளை வழியே ஏறும்; சுண்ணாம்புக் காரை அதை மெல்ல ஆவியாக வெளியே விடும். ஓதத்துக்கு இருந்த அந்த வழியைப் பலகை அடைத்துவிடுகிறது.

என்னை அதிகம் வியக்க வைப்பது இதில் உப்பு செய்யும் வேலை. தண்ணீர் ஆவியாகும், கூட வந்த உப்பு செங்கல்லிலேயே தங்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல்நீரிலுள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் இந்த மெக்னீசியம் நிறைய உண்டு. அதை வடித்து ஒதுக்காவிட்டால் அள்ளிய உப்பு கசிந்துகொண்டே இருக்கும். உப்பளத்தில் வடித்துவிடலாம், செங்கல்லுக்குள் ஊறியதை அப்படி வடிக்க முடியாது. அதனால்தான் மழையில்லாத நாளிலும் கடலோரத்துப் பழைய தரை நசநசக்கிறது.

அடியில் பாலித்தீன் விரித்தால் போதும் என்பார்கள். பழைய வீட்டில் தடுக்கப்பட்ட ஈரம் சுவர்ப்பக்கம் திரும்பும். காரை பொரிந்து உதிரும். பளபளப்பைக் காட்டி விற்பவர்கள் தரையின் ஈரத்தையும் பார்க்க வேண்டாமா? ஒரு முழப் பாலித்தீன் தாளின் நாலு ஓரத்தையும் தரையோடு ஒட்டி ஒருநாள் விட்டாலே, அடியில் நீர் முத்துக் கோத்துச் சொல்லிவிடும். தலைமுறைகளாக உழைத்த செங்கல் தரையைப் பழசென்று மூடுவது எனக்கு மனத்தாங்கலாகவே இருக்கிறது.

வாசகர் பலகைகளை எடுத்துவிடட்டும். மாசி, பங்குனி வெயிலுக்குக் கதவு சன்னலைத் திறந்து போட்டுத் தரையை உலர விடட்டும். பூத்து வரும் உப்பைக் கழுவக் கூடாது, கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ள வேண்டும்.