உப்புக்குத் துணை சர்க்கரை

“பேதியானால் உப்புக் கரைசல் கொடுக்கச் சொல்கிறார்கள், சரி. அதில் சர்க்கரை எதற்கு, ருசிக்கா?” என்று கேட்கிறார் ஒரு வாசகர். உலக சுகாதார நிறுவன வாய்பாட்டுக்கு உட்படாத பானங்களை ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரில் விற்கக் கூடாதென 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டதல்லவா, அதைப் படித்ததும் எழுந்த சந்தேகமாம். ருசிக்கு இல்லை.

சிறுகுடல் செல்களின் மேற்பரப்பில் எஸ்.ஜி.எல்.டி.1 என்றொரு புரதம் இருக்கிறது. கல்யாண மண்டப வாசலில் நிற்கும் கறாரான மாமா என்று வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் தனியாக வந்தால் விடமாட்டார். சோடியம் தனியாக வந்தாலும் அப்படித்தான். இரண்டு சோடியம் ஒரு குளுக்கோஸைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் அனுமதி. உள்ளே போன சோடியத்தை ரத்தக்குழாய்ப் பக்கமிருக்கும் பின்வாசல் வழியாக இன்னொருவர் ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருப்பதால், மண்டபத்தில் சோடியத்துக்கு எப்போதும் இடமுண்டு. தண்ணீருக்குப் பத்திரிகையே வேண்டாம். இவர்கள் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போய்விடும்.

காலரா நச்சு குளோரைடு வெளியேறும் வாசலை அகலத் திறந்துவிடுகிறது. சோடியமும் தண்ணீரும் அதன் பின்னே குடலுக்குள் கொட்டுகின்றன. உப்பை மட்டும் உள்ளே இழுக்கும் வேறு வழியையும் அது அடைத்துவிடும். ஆனால் மாமாவைத் தொடுவதில்லை! அத்தனை களேபரத்திலும் அவர்பாட்டுக்கு ஆள் எண்ணிக்கொண்டிருப்பார்.

சர்க்கரையை அள்ளிப் போட்டால்? உள்ளே போக முடியாத குளுக்கோஸ் வாசலில் கும்பலாக நிற்கும். அவர்களை நலம் விசாரிக்க, பந்தியில் உட்கார்ந்திருந்த தண்ணீரும் எழுந்து வெளியே வந்துவிடும். இனிப்புப் பானம் பேதியைக் கூட்டுவது இப்படித்தான். 2002இல் திருத்தப்பட்ட வாய்பாடு அதனால்தான் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸோடு நிறுத்திக்கொள்கிறது. சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தமே 20.5 கிராம்.

வரலாறும் வேண்டுமென்பீர்கள். கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 1953இல் வாய்வழிக் கரைசல் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. மாமாவின் நிபந்தனையை 1960இல் சொன்னவர் ராபர்ட் கிரேன். 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து நிரூபித்தார்கள். வங்கதேசப் போரின்போது, 1971இல், எல்லையோர பன்காவ் அகதிகளிடையே காலரா பரவி சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. திலீப் மகலனாபிஸ் சமையல் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் கரைத்து டிரம்களில் நிரப்பி, புகட்டும் வேலையை நோயாளிகளின் உறவினர்களிடமே விட்டார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமானது. 2022இல் அவர் மறைந்த பிறகுதான் பத்ம விபூஷண் வந்தது. தனி மனிதர் கண்டுபிடித்த அதிசயம் என்று சிலர் எழுதுவதை நம்பவேண்டாம். அந்தக் கரைசல் பல கை மாறி வந்தது.

அதிசய மருந்தும் இல்லை. கிருமியைக் கொல்லாது, பேதியை உடனே நிறுத்தாது. இழந்த நீரையும் உப்பையும் திருப்பித் தரும், அவ்வளவே. உயிர் போவது பெரும்பாலும் அந்த இழப்பால்தான்.

ஆகவே, கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவன வாய்பாடு என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். உறையில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாதியைக் கொட்டிப் பாதியை எடுத்துவைக்காதீர்கள். குழந்தை வாந்தியெடுத்தால் சற்றுப் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். துவண்டு போனாலோ குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.